வெளிநாட்டுப் பதிவுக்குத் தயாராகும் மருந்தாளுநர்களுக்கு: ஆங்கிலக் கடிதம் எழுதுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலத் தேர்வுகள் பல இருக்கின்றன. கடிதம் எழுதச் சொல்வது எது?

ஓஇடி எனப்படும் ஆக்குபேஷனல் இங்கிலீஷ் டெஸ்ட். இது பன்னிரண்டு மருத்துவத் துறைகளுக்குத் தனித்தனியாக நடக்கிறது, அவற்றில் ஃபார்மசியும் ஒன்று. கேட்டல், வாசித்தல் ஆகிய இரண்டு பகுதிகளும் எல்லாத் துறையினருக்கும் பொது. எழுதுவதும் பேசுவதும் மட்டும் அவரவர் தொழிலைச் சார்ந்தவை. அதனால் மருந்தாளுநருக்கு மருந்தாளுநர் எழுதக்கூடிய கடிதமே கேள்வியாக வரும்.

ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் தேர்வில் கடிதம் கிடையாது. ஒரு வரைபடத்தையோ அட்டவணையையோ 150 வார்த்தையில் விவரிக்க வேண்டும், பிறகு 250 வார்த்தைக் கட்டுரை ஒன்று. கடிதம் வருவது அதே தேர்வின் ஜெனரல் டிரெய்னிங் வடிவத்தில்தான், தொழில்முறைப் பதிவுக்குப் பொதுவாகக் கேட்கப்படுவது அகாடமிக். கட்டுரை எழுதிப் பழக்கமில்லாமல் நோயாளிகளின் மருந்துச் சீட்டோடு பல வருடம் பழகியவருக்கு ஓஇடிதான் இயல்பாக வரும் என்பது எங்கள் கருத்து.

எவ்வளவு மதிப்பெண் எடுத்தால் போதும்?

ஓஇடி ஒவ்வொரு பகுதிக்கும் 0 முதல் 500 வரை மதிப்பெண் தருகிறது. 450 முதல் ஏ, 350 முதல் 440 வரை பி, 300 முதல் 340 வரை சி பிளஸ். பிரிட்டனின் ஜெனரல் ஃபார்மசூட்டிகல் கவுன்சில் நான்கு பகுதியிலும் பி கேட்கிறது. ஒரு பகுதியில் 340 வந்தாலும் மற்ற மூன்று ஏ அதைத் தூக்கிவிடாது. ஆஸ்திரேலியா 2025 மார்ச்சில் எழுத்துக்கான அளவை மட்டும் சற்றுத் தளர்த்தியது. ஐஇஎல்டிஎஸ் எழுதுபவர் மொத்தத்திலும் மற்ற மூன்று பகுதியிலும் 7 எடுத்து எழுத்தில் 6.5 வைத்திருந்தால் போதும் என்றானது. இந்த விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. தேர்வுக்குப் பணம் கட்டும் அன்று, நீங்கள் பதிவு செய்யப்போகும் நாட்டு அமைப்பின் இணையதளத்தில் நேரடியாகப் பாருங்கள். வீட்டிலிருந்தே எழுதும் வடிவத்தை அந்த அமைப்பு ஏற்குமா என்பதையும் அங்கேயே உறுதி செய்துகொள்ளுங்கள்.

எழுத்துத் தேர்வின் 45 நிமிடம் எப்படி நகரும்?

முதல் 5 நிமிடம் வாசிக்க மட்டும். பேனாவைத் தொடக் கூடாது, அடிக்கோடும் போடக் கூடாது. அடுத்த 40 நிமிடம் எழுத. கையில் இருப்பது ஒரு நோயாளியின் கேஸ் நோட்ஸ், அதன் கடைசியில் யாருக்கு என்ன கடிதம் எழுத வேண்டும் என்ற கட்டளை. கடிதத்தின் உடல் பகுதி சுமார் 180 முதல் 200 வார்த்தை. முகவரி, தேதி, கையொப்பம் இதில் சேராது.

வாசிப்பைக் கடைசியிலிருந்து தொடங்குங்கள். கட்டளையை முதலில் படித்தால்தான் மேலே உள்ள குறிப்புகளில் எது உங்களுக்கு வேண்டியது என்று தெரியும். மேலிருந்து படித்துக்கொண்டே வருபவர் எல்லாத் தகவலையும் ஒரே எடையில் மனதில் ஏற்றிக்கொள்கிறார். பிறகு எதையும் விட மனம் வராது.

மதிப்பிடுபவர் எதைப் பார்க்கிறார்?

ஆறு விஷயங்கள். கடிதத்தின் நோக்கத்துக்கு 0 முதல் 3 வரை. உள்ளடக்கம், சுருக்கமும் தெளிவும், கடித வகைக்கேற்ற நடை, அமைப்பும் வடிவமும், மொழி ஆகிய ஐந்துக்கும் தலா 0 முதல் 7 வரை. கூட்டினால் 38. இதில் இலக்கணமும் சொல்வளமும் அடங்கிய மொழிக்கு 7 மட்டுமே என்பதைக் கவனியுங்கள். மீதி 31-ம் நீங்கள் யாருக்கு எழுதுகிறீர்கள், அவருக்கு என்ன தேவை என்பதைப் புரிந்துகொண்டீர்களா என்பதற்கானவை.

என் இலக்கணம் நன்றாக இருக்கிறது. ஆனாலும் 320, 330-லேயே நிற்கிறேன். ஏன்?

பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். கேஸ் நோட்ஸைக் கடிதமாக மாற்றாமல், வாக்கியமாக மட்டும் மாற்றியிருப்பீர்கள். குறிப்பில் இருந்த வரிசையிலேயே, இருந்த எல்லாவற்றையும் அழகான ஆங்கிலத்தில் எழுதினால் அது ஒரு நோயாளி வரலாறு. பெறுபவர் அதைப் படித்து முடித்துவிட்டு ‘சரி, நான் என்ன செய்ய வேண்டும்?’ என்று கேட்பார்.

எழுதும் முன் இரண்டு கேள்விக்குத் தமிழிலேயே பதில் சொல்லிப் பாருங்கள். இந்தக் கடிதத்தைப் படித்தவர் என்ன செய்ய வேண்டும்? அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும்? முதல் பதில் கடிதத்தின் நோக்கம். இரண்டாவது பதில், விட வேண்டியவற்றின் பட்டியல்.

அதை ஓர் உதாரணத்தோடு சொல்ல முடியுமா? எதை விடுவது என்பதில்தான் குழப்பம்.

இப்படி ஒரு கேஸ் நோட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 71 வயதுப் பெண். கணவர் இல்லை, மகளோடு வாழ்கிறார். தோட்ட வேலை பிடிக்கும். 1978-ல் குடல்வால் அறுவை. ஆறு வருடமாக ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனும் சீரற்ற இதயத் துடிப்புக்கு, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் 3 மில்லிகிராம், ஐஎன்ஆர் (இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் அளவு) 2-க்கும் 3-க்கும் இடையில் சீராக இருந்திருக்கிறது. இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் 5 மில்லிகிராம். பெனிசிலினால் தோலில் தடிப்பு வந்ததுண்டு. முழங்கால் வலிக்காகப் பத்து நாளாகச் சீட்டு இல்லாமல் வாங்கிய ஐபுப்ரோஃபன் 400 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை. இந்த வாரம் இரண்டு முறை மூக்கில் இரத்தம், கையில் காயம்படாமலே கன்றல். மருந்தாளுநர் ஐபுப்ரோஃபனை நிறுத்தச் சொல்லி, தற்காலிகமாகப் பாராசிட்டமால் பரிந்துரைத்தார்.

கட்டளை, இவரைப் பல வருடமாகப் பார்க்கும் குடும்ப மருத்துவருக்கு எழுதச் சொன்னால்: அவருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் தெரியும், பெனிசிலின் தெரியும், வார்ஃபரினைத் தொடங்கியதே அவராக இருக்கலாம். தெரியாதது ஐபுப்ரோஃபன், மூக்கில் இரத்தம், கன்றல், நீங்கள் கொடுத்த ஆலோசனை. கடிதத்தின் பெரும்பகுதி இந்த நான்கும்தான். வேண்டுகோள் இரண்டு: ஐஎன்ஆரை உடனே பார்க்க வேண்டும், முழங்கால் வலிக்கு வேறு வழி முடிவு செய்ய வேண்டும். பாராசிட்டமாலைத் தொடர்ந்து நாள்கணக்கில் எடுத்தாலும் ஐஎன்ஆர் ஏறக்கூடும் என்பதால், அதை எத்தனை வேளை எடுக்கிறார் என்று ஒரு சொற்றொடர் சேர்ப்பது மருத்துவருக்கு உதவும். தோட்டமும் குடல்வாலும் போகட்டும்.

அதே குறிப்பை வைத்து மருத்துவமனை அவசரப் பிரிவு மருத்துவருக்கு எழுதச் சொன்னால் கடிதம் தலைகீழாகும். அவர் இந்த அம்மாவை முதல் முறை பார்க்கிறார். வார்ஃபரின் எதற்கு, எவ்வளவு நாளாக, வழக்கமான ஐஎன்ஆர் என்ன, ஒவ்வாமை என்ன என்று எல்லாமே வேண்டும். முந்தைய கடிதத்தில் அரை வரியில் முடிந்த வரலாறு இங்கே ஒரு முழுப் பத்தி.

மகளுக்கு எழுதச் சொன்னால் அது மூன்றாவது கடிதம். அதைக் கீழே தனியாகப் பார்ப்போம்.

இந்த உதாரணத்தில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ‘ஐபுப்ரோஃபனால் ஐஎன்ஆர் கூடிவிட்டது’ என்று எழுதிவிடுவார்கள். குறிப்பில் அப்படி இல்லை. ஐபுப்ரோஃபன் தட்டணுக்களின் வேலையைத் தடுத்தும் இரைப்பையின் உட்சுவரைப் புண்ணாக்கியும் இரத்தக் கசிவை வரவழைக்கும். ஐஎன்ஆர் மாறாமலே கசிவு வரலாம். குறிப்பில் இல்லாத முடிவை நீங்களாகச் சேர்ப்பது உள்ளடக்கத்தில் பிழையாகவே எண்ணப்படும். உங்கள் அனுமானத்தைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால் ‘மே பி ரிலேட்டட் டு’ என்ற தளர்வான அமைப்பைப் பயன்படுத்துங்கள்.

முதல் பத்தி எப்படி இருக்க வேண்டும்?

‘ஐ ஆம் ரைட்டிங் டு இன்ஃபார்ம் யூ அபவுட்...’ என்று தொடங்கி நோயாளியின் பெயரோடு நிறுத்துவதுதான் மிகவும் பரவலான குறை. எதற்காகத் தெரிவிக்கிறீர்கள் என்பது அதில் இல்லை. மேலே சொன்ன நோயாளிக்கு முதல் வாக்கியம் இப்படி இருக்கலாம்: ‘ஐ ஆம் ரைட்டிங் டு ரிக்வெஸ்ட் ஆன் அர்ஜென்ட் ஐஎன்ஆர் செக் ஃபார் யுவர் பேஷன்ட், ஹூ ஹாஸ் ஹேட் டூ நோஸ்ப்ளீட்ஸ் வைல் டேக்கிங் ஐபுப்ரோஃபன் வித் வார்ஃபரின்.’ யார், என்ன ஆனது, என்ன வேண்டும் என்ற மூன்றும் ஒரே மூச்சில் வந்துவிட்டன. நோக்கத்துக்கான 3 மதிப்பெண்ணும் கிடைக்க, இதே வேண்டுகோள் கடைசிப் பத்தியில் இன்னும் விரிவாக வர வேண்டும்.

பத்திகளை எந்த வரிசையில் அடுக்குவது?

நோக்கம். பிறகு இப்போதைய பிரச்சினை. பிறகு நீங்கள் செய்தது. பிறகு அவசியமான பின்னணி. கடைசியில் வேண்டுகோள். இது ஒரு பொதுவழி, சட்டமல்ல. பல மாதமாக டோஸ் மாறிக்கொண்டே வந்த நோயாளி என்றால் கால வரிசைதான் தெளிவாக இருக்கும். ஆனால் ஒரு பத்தியில் இரண்டு விஷயம் கலக்கக் கூடாது. இரத்தக் கசிவு பற்றிய பத்தியில் அம்லோடிபின் எட்டிப் பார்த்தால் படிப்பவர் தடுமாறுவார்.

நோயாளிக்கோ குடும்பத்தினருக்கோ எழுதும்போது என்ன மாறும்?

ஏறக்குறைய எல்லாமே. ‘ஹைப்பர்டென்ஷன்’ போய் ‘ஹை பிளட் பிரஷர்’ வரும். ‘எபிஸ்டாக்ஸிஸ்’ போய் ‘நோஸ்ப்ளீட்ஸ்’ வரும். ‘பிடி’, ‘டிடிஎஸ்’, ‘பிஆர்என்’ எதுவும் இருக்கக் கூடாது. நாளுக்கு இரண்டு முறை, மூன்று முறை, தேவைப்படும்போது என்று முழுதாக விரித்து எழுத வேண்டும். ‘தேவைப்படும்போது’ என்று மட்டும் விட்டாலும் ஆபத்துதான். இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது எத்தனை மணி நேரம், 24 மணி நேரத்தில் அதிகபட்சம் எத்தனை மாத்திரை என்பதும் வேண்டும்.

செய்முறை சொல்லும் கடிதங்களில் ஒரு வாக்கியத்துக்கு ஒரு செயல். ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றால்: குலுக்குங்கள். மூச்சை முழுதாக வெளியே விடுங்கள். உதடுகளால் வாய்ப்பகுதியை இறுகப் பிடியுங்கள். மெதுவாக மூச்சை இழுக்கத் தொடங்கும்போதே அழுத்துங்கள். முடிந்தால் பத்து விநாடி மூச்சை நிறுத்துங்கள். பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள். கொப்பளிக்கச் சொல்லும்போது காரணத்தையும் அரை வரியில் சேருங்கள், வாயில் பூஞ்சைத் தொற்று வராமல் இருக்கத்தான் என்று. காரணம் தெரிந்தவர் அதைத் தவற விடமாட்டார்.

டோஸ், அளவு, சுருக்கெழுத்து விஷயத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

இங்கே நடக்கும் பிழை வெறும் மொழிப்பிழை அல்ல, நோயாளியைத் தொடும் பிழை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

முழு எண்ணுக்குப் பின் புள்ளியும் பூஜ்யமும் போடாதீர்கள். 1.0 மில்லிகிராம் என்பதில் புள்ளி மங்கினால் 10 ஆகிவிடும். ஒன்றுக்குக் குறைவான அளவில் புள்ளிக்கு முன் பூஜ்யம் கட்டாயம், 0.5 என்றுதான் எழுத வேண்டும். மைக்ரோகிராம் என்பதைச் சுருக்காமல் முழுச் சொல்லாக எழுதுங்கள். லெவோதைராக்சின் 50 மைக்ரோகிராமும் 50 மில்லிகிராமும் ஆயிரம் மடங்கு வித்தியாசம். இன்சுலினுக்கு ‘யூனிட்ஸ்’ என்ற சொல் முழுதாக வேண்டும், அதன் முதலெழுத்தை மட்டும் கையால் எழுதினால் பூஜ்யம் போலத் தெரியும். மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு முறை என்றால் ‘ஒன்ஸ் வீக்லி’ என்பதோடு எந்தக் கிழமை என்றும் குறிப்பில் இருந்தால் சேருங்கள்.

அடுத்தது ‘டு’, ‘பை’ என்ற இரண்டு சின்னச் சொற்கள். 5 மில்லிகிராமில் இருந்தவருக்கு ‘இன்க்ரீஸ்ட் டு 10’ என்றால் இப்போது 10. ‘இன்க்ரீஸ்ட் பை 10’ என்றால் இப்போது 15. இலக்கணப் புத்தகத்தில் ஒரு வரியாகக் கடந்துபோகும் விஷயம், மருந்துக் கடிதத்தில் இரட்டிப்புக்கும் மும்மடங்குக்கும் உள்ள இடைவெளி.

மருந்தின் பெயரைக் கேஸ் நோட்ஸில் உள்ள எழுத்துக் கூட்டலைப் பார்த்து அப்படியே எழுதுங்கள். பார்த்து எழுதக்கூடிய சொல்லில் பிழை விடுவதை யாரும் மன்னிக்க மாட்டார்கள்.

தமிழில் யோசித்து எழுதுவதால் வரும் பிழைகள் எவை?

முதலாவது காலம். ‘ஐந்து வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார்’ என்று தமிழில் நிகழ்காலத்தில் சொல்கிறோம். அதையே ‘ஷீ இஸ் டேக்கிங் மெட்ஃபார்மின் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ என்று எழுதிவிடுகிறோம். சரியான வடிவம் ‘ஷீ ஹாஸ் பீன் டேக்கிங் மெட்ஃபார்மின் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’. கால அளவுக்கு ‘ஃபார்’, தொடங்கிய புள்ளிக்கு ‘சின்ஸ்’. முடிந்துபோன, தேதி தெரிந்த நிகழ்வுக்கு ‘ஹாஸ்’ வராது. ‘டயக்னோஸ்’ செய்யப்பட்டது 2019-ல் என்றால் ‘வாஸ் டயக்னோஸ்டு இன் 2019’ மட்டுமே.

இரண்டாவது ‘எ’, ‘ஆன்’, ‘த’. தமிழில் இவற்றுக்கு நேரான சொல் இல்லாததால் விட்டுவிடுவோம், அல்லது கண்ட இடத்திலெல்லாம் சேர்ப்போம். மருந்துப் பெயருக்கு முன் பொதுவாக எதுவும் வேண்டாம். எண்ணக்கூடிய ஒருமைப் பெயர்ச்சொல் தனியாக நிற்காது: ‘எ ராஷ்’, ‘ஆன் அலர்ஜி’, ‘எ ரிவ்யூ’. கடிதத்தை முடித்த பின் இந்த ஒன்றுக்காக மட்டும் ஒரு முறை முழுதாகப் படித்துப் பாருங்கள்.

மூன்றாவது வேற்றுமை உருபுகளின் இடத்தில் வரும் சின்னச் சொற்கள். ‘கம்ப்ளெயின்’ என்பதோடு ‘ஆஃப்’, ‘அலர்ஜிக்’ என்பதோடு ‘டு’, ‘டயக்னோஸ்டு’ என்பதோடு ‘வித்’. ஆனால் ‘பிரிஸ்க்ரைப்டு’ என்பதோடு ‘வித்’ சேராது, ‘ஷீ வாஸ் பிரிஸ்க்ரைப்டு அமாக்சிசிலின்’ போதும். ‘டிஸ்கஸ்’ என்பதற்குப் பின் ‘அபவுட்’ கிடையாது. இவற்றை விதியாகக் கற்பதைவிட, மருந்துக் கடிதத்தில் திரும்பத் திரும்ப வரும் நாற்பது ஐம்பது வினைச்சொற்களைத் துணைச்சொல்லோடு சேர்த்து ஒரு நோட்டில் எழுதிக்கொள்வது பலன் தரும்.

‘அட்வைஸ்’ என்ற சொல்லில் பெயர்ச்சொல்லுக்கும் வினைச்சொல்லுக்கும் கடைசி எழுத்துக்கூட்டல் வேறு. பெயர்ச்சொல்லுக்குப் பன்மையும் இல்லை.

மரியாதையாக எழுத வேண்டாமா? ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று தொடங்கலாமா?

வேண்டாம். தமிழில் மரியாதை விளியிலும் வினைமுற்றிலும் இருக்கிறது, ஆங்கிலத் தொழில்முறைக் கடிதத்தில் அது நேரடியான, தெளிவான வேண்டுகோளில் இருக்கிறது. ‘ஹம்ப்ளி ரிக்வெஸ்ட்’, ‘கைண்ட்லி டு த நீட்ஃபுல்’ ஆகியவை பழைய அலுவலக விண்ணப்ப நடை, மருத்துவக் கடிதத்தில் இடறும். ‘டியர் டாக்டர்’ என்பதோடு குடும்பப் பெயரைச் சேர்த்துத் தொடங்கி, ‘யுவர்ஸ் சின்சியர்லி’ என்று முடியுங்கள். பெறுபவர் பெயர் தெரியாமல் ‘சார் ஆர் மேடம்’ என்று தொடங்கினால் முடிவு ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’. ‘இட் வுட் பி அப்ரிஷியேட்டட் இஃப் யூ குட்...’ என்பது மருத்துவரிடம் கேட்கும் தொனிக்குப் பொருந்தும். ‘யூ மஸ்ட்’ பொருந்தாது. அவர் செய்ய வேண்டிய சிகிச்சை முடிவை அவருக்கு நீங்கள் கட்டளையிட முடியாது, பரிந்துரைக்கலாம்.

குறை சொல்லும் தொனியும் வேண்டாம். முந்தைய சீட்டில் தவறு இருந்திருந்தால், சீட்டில் இருந்ததையும் நீங்கள் கவனித்ததையும் அருகருகே வையுங்கள். யார் தவறு என்பது அந்தக் கடிதத்தின் வேலை அல்ல.

200 வார்த்தையைத் தாண்டினால் மதிப்பெண் வெட்டுவார்களா?

வார்த்தையை எண்ணி வெட்டுவதில்லை. ஆனால் 260 வார்த்தைக் கடிதத்தில் பெரும்பாலும் வேண்டாத 60 வார்த்தை இருக்கும், அது சுருக்கத்துக்கான மதிப்பெண்ணில் தெரிந்துவிடும். 140-ல் முடிந்தால் எதையோ விட்டிருப்பீர்கள்.

40 நிமிடத்தை எப்படிப் பங்கிடுவது?

5 நிமிடம் திட்டம், 27 நிமிடம் எழுத்து, 8 நிமிடம் சரிபார்ப்பு. திட்டத்தில் வாக்கியம் எழுதாதீர்கள், வேண்டிய குறிப்புகளுக்குப் பத்தி எண் மட்டும் போடுங்கள். சரிபார்ப்பில் முதலில் எண்களும் மருந்துப் பெயர்களும், பிறகு காலம், பிறகு ‘எ, ஆன், த’. எல்லாவற்றையும் ஒரே வாசிப்பில் தேடினால் எதுவும் அகப்படாது. தேதி எழுதும்போது கேஸ் நோட்ஸில் ‘இன்று’ எனக் கொடுத்திருக்கும் தேதியையே எழுதுங்கள். தேர்வு நடக்கும் நாளின் தேதியை எழுதிவிடுபவர்கள் உண்டு.

மாதிரிக் கடிதத்தை மனப்பாடம் செய்யலாமா?

தொடக்கம், முடிவு, ‘ப்ளீஸ் டு நாட் ஹெசிட்டேட்’ போன்ற கடைசி வரி ஆகியவற்றை மனப்பாடமாக வைத்திருப்பதில் தவறில்லை. நடுப்பகுதியை மனப்பாடம் செய்தால் இந்த நோயாளிக்குப் பொருந்தாத வாக்கியம் உள்ளே நுழையும். மாதிரிக் கடிதம் கிடைத்தால் இப்படிப் பயன்படுத்துங்கள்: கேஸ் நோட்ஸையும் கடிதத்தையும் பக்கத்தில் வைத்து, கடிதத்தில் வராத குறிப்புகளை எல்லாம் கோடிடுங்கள். ஒவ்வொன்றும் ஏன் விடப்பட்டது என்று ஓரத்தில் எழுதுங்கள். எதை விடுவது என்ற பயிற்சி வேறு எதிலும் இவ்வளவு சீக்கிரம் கிடைக்காது.

வகுப்புக்குப் போகாமல் வீட்டிலேயே முன்னேற முடியுமா?

முடியும், ஆனால் யாராவது திருத்த வேண்டும். வாரத்துக்கு மூன்று கடிதம் நேரம் வைத்து எழுதுங்கள். மறுநாள், கேஸ் நோட்ஸை மூடிவைத்துவிட்டுப் பெறுபவராக அந்தக் கடிதத்தைப் படியுங்கள். எங்கே ‘இது எதற்கு?’ என்று தோன்றுகிறதோ அங்கே வெட்டுங்கள், எங்கே ‘எவ்வளவு டோஸ்? எப்போதிருந்து?’ என்று கேட்கத் தோன்றுகிறதோ அங்கே சேருங்கள். பிறகு அதே கடிதத்தை மறுபடி எழுதுங்கள். பத்துப் புதிய கடிதத்தைவிட, திருத்தி மறுபடி எழுதிய நான்கு கடிதம் அதிகம் கற்றுத் தரும்.

மாதத்தில் இரண்டு மூன்று முறையாவது இன்னொருவரிடம் காட்டுங்கள். அவர் மருந்தாளுநராக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நோயாளிக்கு எழுதும் கடிதத்துக்கு மருத்துவம் தெரியாதவர்தான் நல்ல வாசகர். கணினியில் தேர்வு எழுதப்போகிறவர்கள், எழுத்துப்பிழையைத் தானே திருத்தும் வசதியை அணைத்துவிட்டுப் பழகுங்கள். தாளில் எழுதப்போகிறவர்கள், பேனாவால் 200 வார்த்தை தொடர்ந்து எழுதிப் பாருங்கள். பல வருடம் கழித்துக் கையால் எழுதும்போது 27 நிமிடம் போதாமல் போவது பலருக்கும் நடக்கிறது.

தேர்வை எப்போது எழுதுவது நல்லது?

பிரிட்டன் உட்படப் பல இடங்களில் தேர்வு முடிவு இரண்டு வருடத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். கல்விச் சான்று சரிபார்ப்பு, மற்ற ஆவணங்கள் எல்லாம் சேரவே பல மாதம் ஆகும். அதனால் ஆவண வேலையைத் தொடங்கிவிட்டு, நேரம் வைத்து எழுதிய கடைசி நான்கைந்து பயிற்சிக் கடிதங்களை ஒருவர் திருத்தி நோக்கமும் உள்ளடக்கமும் சரி என்று சொன்ன பிறகு தேதி வாங்குங்கள். ஆங்கிலத்தை முதலில் முடித்துவிட்டு மற்றவற்றை மெதுவாகப் பார்க்கலாம் என்று தொடங்கி, விண்ணப்பம் தயாராகும்போது மதிப்பெண் காலாவதியாகி மறுபடி தேர்வு எழுத நேர்வது உண்டு.